மணிக்கட்டு மாதமும் முழங்கால் மாதமும்

ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுவது அவர் வேலை. கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்த அறை. உயரமான ஒரு கட்டில், சுவரோரம் தண்ணீர்த் தொட்டி, அலமாரி நிறையப் பஞ்சுச் சுருளும் மாவுத் துணிச் சுருளும். வெள்ளை படியாத பொருள் அந்த அறையில் ஒன்றுகூடக் கிடையாது, அவருடைய காது மடல் உள்பட. முறிந்த கையை அவர் எடுத்துப் பிடிக்கிற பிடியில், அழுதுகொண்டு வந்த ஆள்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார். பேச வைப்பதும் தொழிலில் பாதிதான். மாவு இறுகுகிறவரை ஆள் அசையக் கூடாதே.

இப்படிப்பட்ட மனிதரின் மனைவிக்குப் பனிச்சறுக்குப் போக ஆசை. வீட்டின் கீழேயே பார்லர் வைத்து நடத்துகிறவள். நாளெல்லாம் நின்றுகொண்டே அடுத்தவர் தலையைப் பார்க்கிறவளுக்கு, ஒரு வாரம் எங்காவது வெள்ளை மலையில் சறுக்கி விளையாட வேண்டும் என்று தோன்றினால் அது தப்பா? மகளுக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது மகளுக்குப் பள்ளிப் படிப்பே முடியப் போகிறது. அடுத்த வருஷம் வேறு ஊரில் கல்லூரி, விடுதி. இந்தக் குளிர்காலத்தை விட்டால் மூன்று பேரும் சேர்ந்து போவது இனி எப்போதோ, யாருக்குத் தெரியும்?

கட்டுக்காரர் மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது. "போகலாம், போகலாம். எந்த மாசம் நல்லதுன்னு விசாரிச்சுட்டுப் போகலாம்" என்பார். விசாரிக்கவும் செய்தார், அதில் குறை சொல்ல முடியாது. யாரை விசாரித்தார் என்பதில்தான் கதையே இருக்கிறது.

பனிக்காலம் வந்தால் மலையிலிருந்து நேராக அவர் அறைக்கு வருகிறவர்கள் வரிசைகட்டி நிற்பார்கள். ஒவ்வொருவரிடமும் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்பார்.

"ஜனவரிதான் சார்" என்றார் மணிக்கட்டு முறிந்த ஒரு வங்கிக்காரர். "பனி கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும். அடடா, என்னா வேகம்!"

கட்டுக்காரர் அந்த மணிக்கட்டைப் பார்த்தார்.

"டிசம்பர்ல போங்க. கூட்டமா, கலகலன்னு இருக்கும்" என்றார் ஒரு பாட்டு டீச்சர். அந்தக் கலகலப்பு மொத்தமும் அவர் மேல் வந்து விழுந்ததில் முழங்கை போயிருந்தது. நவம்பரிலேயே போய்விட்டால் தொந்தரவில்லை, பனி மெல்லிசாக இருக்கும், கீழே இருக்கிற கல்கூடத் தெரியும் என்று புகழ்ந்தவருக்குக் கணுக்கால். மார்ச்சில் பனி இளகி மெத்து மெத்தென்று இருக்கும் என்றவருக்கு, காலில் மாட்டிய சறுக்குப் பலகை அந்த மெத்தில் புதைந்து நின்றுவிட, ஆள் மட்டும் திரும்பியதில் முழங்கால். பிப்ரவரிக்கு இன்ன எலும்பு என்று கணக்கே கிடையாது, எல்லாம் வரும்.

ஆகக்கூடி, மற்றவர்களுக்குக் காலண்டரில் மாதம் தெரிந்தால் கட்டுக்காரருக்கு எலும்பு தெரிந்தது. சாப்பாட்டு மேஜையில் அதையே சொல்லவும் செய்வார்.

"ஜனவரி வேண்டாம், அது மணிக்கட்டு மாசம்."

"அப்ப எந்த மாசம்தான் நல்ல மாசம்?" என்று ஒருநாள் மனைவி கேட்டேவிட்டாள்.

"என்னைக் கேட்டா, ஜூலை."

"ஜூலையில பனி இருக்குமா?"

"இருக்காது. அதுதான் பாதுகாப்பு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளுக்குப் புரையேறிவிட்டது. மனைவி சிரிக்கவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, கட்டுக்காரர் தன்னுடைய கடைசி ஆயுதத்தை எடுத்தார். வருஷா வருஷம் எடுப்பதுதான். பெரிய டாக்டரம்மா லீவு தரமாட்டார். பனிக்காலத்தில் எலும்புப் பிரிவே அல்லோலகல்லோலப்படும்போது கட்டுப் போடுகிறவனுக்கு யார் லீவு தருவார்கள்?

"அந்தம்மாவுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? அவங்களுக்குக் குடும்பம் குட்டி இல்லையா?" என்று பொரிந்து தள்ளுவாள் மனைவி. பார்த்தே இராத அந்தப் பெரிய டாக்டரை அவள் திட்டாத திட்டில்லை. கட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்ட அப்பாவிபோல உட்கார்ந்திருப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் பரம சாதுவாக உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருநாள் அவருக்கு வார விடுமுறை. பார்லரில் ஒரு கண்ணாடியின் திருகு கழன்று ஆடுகிறது என்று மனைவி கூப்பிட்டதால் திருப்புளியோடு கீழே வந்து அதன் பின்னால் குனிந்திருந்தார். நாற்காலியில் யாரோ ஒரு அம்மா, கழுத்துவரை போர்வை, தலையில் சுற்றிய துண்டு. துண்டை அவிழ்த்து ஈரமுடியைச் சீவிக்கொண்டே மனைவி பேச்சுக் கொடுத்தாள்.

"புதுசா வர்றீங்க போலிருக்கே?"

"நான் வழக்கமா போற இடத்தை மூடிட்டாங்க. இது ஆஸ்பத்திரிக்குப் பக்கமா இருக்கு. நான் அங்க எலும்புப் பிரிவு டாக்டர்."

கட்டுக்காரர் கையிலிருந்த திருப்புளி நின்றது. அந்தக் குரலை அவர் தினமும் கேட்கிறவர். கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போக முடியுமா என்று பார்த்தார். சுவர் இருந்தது.

"எலும்புப் பிரிவா?" மனைவியின் கத்தரிக்கோல் ஈரமுடிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. "பெரிய டாக்டரா?"

"அப்படித்தான் சொல்றாங்க" என்று சிரித்தார் டாக்டர்.

"அப்ப ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. என் வீட்டுக்காரர் உங்ககிட்டதான் கட்டுப் போடறார். மனுஷன் இத்தனை வருஷமா உழைக்கிறாரே, பனிக்காலத்துல ஒரு வாரம் லீவு கொடுத்தா ஆஸ்பத்திரி இடிஞ்சா விழுந்துடும்?"

"லீவா?" டாக்டர் திரும்ப முயன்றார். கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் இருந்தார். "அவர் லீவு கேட்டதே இல்லையேம்மா. நான்தான் எடுங்க எடுங்கன்னு கெஞ்சறேன். கட்டுப் போட இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. வீட்டுல இருக்கறவங்களுக்கு வெளியூர் போறது பிடிக்காது, அதனாலதான் வேலைக்கே வர்றேன்னு சொல்லுவாரே!"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? கட்டுக்காரர் திருகை இன்னும் இறுக்கினார். ஏற்கெனவே இறுகியிருந்த திருகு அது. கண்ணாடி ஓரத்தில் கீறல் விட்டது. டாக்டரும் மனைவியும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

"அட, நீங்க இங்கயா இருக்கீங்க!" என்றார் டாக்டர் சந்தோஷமாக.

டாக்டரின் முடியை அவ்வளவு கவனமாக, அவ்வளவு அழகாக மனைவி வெட்டி முடித்ததுதான் கட்டுக்காரரை இன்னும் கலவரப்படுத்தியது.

டாக்டர் போன பிறகு அவள் துடைப்பத்தை எடுத்துக் கீழே கிடந்த முடியைக் கூட்டினாள். கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினாள்.

"பொய் சொன்னதுகூடப் போகட்டும்" என்றாள். "அந்தம்மாவை நான் எத்தனை வருஷமா வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன்! எவ்வளவு தங்கமான மனுஷி! எனக்கு வெளியூர் போகப் பிடிக்காதா? எனக்கா?"

"அது... பேச்சுக்குச் சொன்னது."

"எங்களோட வரப் பிடிக்கலைன்னா நேரா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

அவருக்குச் சுருக்கென்றது. பிடிக்காமலா? திருப்புளியை மேஜைமேல் வைத்தார்.

"பாப்பா சின்னவளா இருக்கறப்ப மாடிப்படியில விழுந்து கையை முறிச்சுக்கிட்டாளே. அன்னிக்கு நான் கட்டுப் போடலை. உன்கிட்ட நான் போட்டதாத்தான் சொன்னேன். அவ கையை எடுத்ததும் என் கை வெடவெடன்னு நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. தண்ணித் தொட்டியையே தட்டி விட்டுட்டேன். நர்ஸம்மாதான் என்னை வெளியே உக்கார வெச்சுட்டுக் கட்டுப் போட்டாங்க. அங்க மலையில அவளுக்கோ உனக்கோ ஒண்ணுன்னா... என்னால முடியாது. ஊர்ல இருக்கற காலையெல்லாம் பிடிப்பேன், உங்க கால்னா முடியாது."

துடைப்பம் நின்றது. அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க யார்கிட்ட விசாரிச்சீங்க?"

"போய்ட்டு வந்தவங்ககிட்டதான்."

"எங்கே வெச்சு?"

"என் ரூம்லதான்."

"என்னங்க, என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் வருஷா வருஷம் பனிச்சறுக்குப் போறவங்க. போன வாரம் தபாலாபீஸ் அம்மா வந்தாங்க. மூக்கு நுனி மட்டும் வெயில்ல வெந்து போயிருந்துச்சு. மத்தபடி கை இருந்துச்சு, கால் இருந்துச்சு. முழுசா திரும்பி வந்தவங்க உங்க ரூமுக்கு எதுக்கு வரப்போறாங்க? அவங்க முடி வெட்டிக்கத்தான் வருவாங்க."

இத்தனை வருஷமாக மனிதர் கேட்டதெல்லாம் விழுந்தவர்களிடம்தான். விழாதவன் ஒருவனை மருந்துக்குக்கூடக் கேட்டதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர் பேய்களிடமே போய் வழி கேட்டிருக்கிறார்.

"பாப்பாவுக்கு மார்ச் முதல் வாரம் பரீட்சை முடியுது. எனக்கும் கடையில கூட்டம் குறையுது. அதுதான் நல்ல நேரம்" என்று மனைவி எழுந்தாள். "நானும் அவளும் போறோம். நீங்க வர்றதா இருந்தா மூணு டிக்கெட், இல்லைன்னா ரெண்டு."

"அது முழங்கால் மாசம்" என்று முனகினார்.

"எங்க முழங்காலை நாங்க பாத்துக்கறோம்."

மறுநாள் வேலையில் அவருக்கு மனம் ஓடவில்லை. தள்ளுகட்டில் ஒவ்வொன்றாக உள்ளே வரும்போது முதலில் பாதம்தான் தெரியும். மார்ச்சில் இப்படி ஒரு கட்டில் வந்து, அதில் தெரிந்த பாதமாக இருந்தால்? இங்கே உட்கார்ந்து அதற்காகக் காத்திருப்பதைவிட அங்கேயே போய்த் தொலைவது மேல் என்று தோன்றிவிட்டது. மாடியேறிப் போய்ப் பெரிய டாக்டரிடம் லீவு கேட்டார். டாக்டர் காரணம்கூடக் கேட்காமல் சரி என்றார்.

"நீங்க பனிச்சறுக்குப் போவீங்களா டாக்டர்?" என்று முதன்முறையாக ஒரு முழு ஆளிடம் கேட்டார் கட்டுக்காரர்.

"வருஷா வருஷம்."

"பயமா இருக்காதா?"

"இருக்காம என்ன? உச்சியில போய் நின்னா உடம்புல இருக்கற அத்தனை எலும்போட பேரும் வரிசையா ஞாபகம் வரும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, குளிருமே. இறங்கிடுவேன்."

மார்ச்சும் வந்தது. பெட்டி கட்டும்போது ஸ்வெட்டர்களுக்கு அடியில் மாவுத் துணிச் சுருள்களை அவர் ஒளித்து வைத்ததை மனைவி கண்டுபிடித்தாள். "சுற்றுலாப் போறோமா, போருக்குப் போறோமா?" என்று கேட்டாளே தவிர, எடுத்து வெளியே போடவில்லை.

மலையில், பழகுகிறவர்களுக்கென்று ஒரு சின்னச் சரிவு. அம்மாவும் மகளும் பலகைகளை மாட்டிக்கொண்டு மேலே போனார்கள். கட்டுக்காரர் தடித்த வாடகைப் பூட்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கையில் சூடான காப்பி. வாயில் வைக்கத் தோன்றவில்லை. கடந்து போகிறவர்களெல்லாம் அவர் கண்ணுக்கு ஆட்களாகவே தெரியவில்லை. அதோ ஒரு கணுக்கால், இதோ ஒரு முழங்கை.

மேலேயிருந்து மகள் வந்தாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கத்திக்கொண்டே வந்தாள். பாதி வழியில் ஒரு பலகை ஒரு பக்கம் போக, இவள் இன்னொரு பக்கம் போனாள். உருண்டாள். பலகை கழன்று பறந்தது. பிறகு வெள்ளையில் வெள்ளையாகக் கிடந்தாள்.

காப்பி எங்கே போனது என்று தெரியாது. கட்டுக்காரர் ஓடினார். முழங்கால்வரை புதைந்து, எழுந்து, மறுபடி புதைந்து ஓடினார். வலது கையை ஊன்றி விழுந்தாள், மணிக்கட்டுதான், இல்லை, திரும்பின திருப்பத்துக்கு முழங்கால்தான் என்று மனம் பாட்டுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டே வந்தது. கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அவர் போய்ச் சேருவதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். வாயில் போன பனியைத் துப்பினாள். சிரித்தாள். எழுந்து நின்றாள்.

"அப்பா, பாத்தீங்களா! எப்படி விழுந்தேன், பாத்தீங்களா!"

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "இங்க வலிக்குதா? இங்க?"

"கூசுதுப்பா, விடுங்க!" கையை உருவிக்கொண்டு, பலகையைப் பொறுக்கிக்கொண்டு, அவள் மறுபடியும் மேலே நடந்தாள்.

கட்டுக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். விழுந்தவர்களை அவர் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். எல்லாரையும் படுக்க வைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். விழுந்த ஒரு ஆள் எழுந்து போவதை இன்றுதான் பார்க்கிறார். நிமிர்ந்து பார்த்தால் சரிவு முழுக்க அதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது. விழுந்தார்கள், துடைத்துக்கொண்டார்கள், எழுந்தார்கள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

கண் நிறைந்திருந்ததால் மேலேயிருந்து வந்துகொண்டிருந்தவளை அவர் கவனிக்கவில்லை. "என்னங்க! ஓரமா போங்க! எனக்கு நிறுத்தத் தெரியலைங்க!" என்று அலறிக்கொண்டே வந்த மனைவி அவர் மேலேயே வந்து மோதினாள். இரண்டு பேரும் சுருண்டு, உருண்டு, ஒரு குழியில் போய் நின்றார்கள்.

முதலில் அவள்தான் தலையைத் தூக்கினாள். அவர் மல்லாக்கக் கிடந்தார். அசையவில்லை. அவளுக்கு உயிரே போய்விட்டது.

"என்னங்க! பேசுங்க! எங்க அடிபட்டிருக்கு? ஐயோ, நான்தானே இழுத்துக்கிட்டு வந்தேன்!"

கட்டுக்காரர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். முகமெல்லாம் பனி, வாயெல்லாம் சிரிப்பு.

"எங்கேயும் படலை. பாப்பாவைக் கொஞ்சம் கூப்பிடு" என்றார். "விழுந்தவங்களைப் படுக்க வைக்கத்தான் எனக்குத் தெரியும். எழுந்திருக்கிறது எப்படின்னு அவதான் சொல்லித் தரணும்."