அதே சுவர்

மகளுக்கு நாலு வயது. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் பிறவியிலேயே ஓட்டை. தானாக மூடலாம், மூடாவிட்டால் ஆபரேஷன் என்றார்கள். வருடத்துக்கு ஒரு ஸ்கேன். இதுவரை மனைவிதான் அழைத்துப் போவாள். இந்த முறை நான்.

மனைவிக்கு முப்பத்தொரு வயதில் மாரடைப்பு வந்தது. அடைப்பை நீக்கினார்கள். நான்காம் நாள் அவளுக்கும் அதே சுவர் கிழிந்தது; போய்விட்டாள். ஐந்து மாதம் ஆகிறது. அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று மகள் கேட்டபோது பொய் சொல்ல வரவில்லை. "நெஞ்சுல ஓட்டை விழுந்துடுச்சு" என்றேன்.

மனைவியின் தங்கையும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்.

"என்ன மாமா, ரெண்டு சடையும் ரெண்டு உயரத்துல இருக்கு? ஒண்ணு மாடி, ஒண்ணு கீழ்வீடா?"

"ஆடாம நின்னா. அதுக்கே அவளுக்கு நன்றி சொல்லணும்."

ஸ்கேன் எடுக்கும் அம்மாளுக்கு ஒரு வழக்கம். குழந்தை திமிறாமலிருக்க, பெற்றவரைப் படுக்கவைத்து மேலே குழந்தையைச் சாய்த்துக்கொள்வார். "படுங்க தம்பி" என்றார். படுத்தேன். மகள் என்மேல் மல்லாந்து படுத்தாள். அசையவே இல்லை.

"என்னடி வாயாடி, போன வருஷம் என் கண்ணாடியைப் பிடுங்கின. இன்னிக்கு சத்தத்தையே காணோம்?"

"ஆடினா ஓட்டை பெருசாயிடும். செத்துருவேன். நான் ஓடுறதே இல்ல."

ஐந்து மாதமாக, பிள்ளை சமர்த்தாகிவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மைத்துனி என்னைப் பார்த்தாள்.

ஸ்கேன் அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் கருவியை வாங்கி, அழுத்தி அழுத்திப் பார்த்தார். என் கைக்குள் மகளின் விலா ஏறி இறங்கியது.

"மூடிடுச்சு. சுத்தமா மூடிடுச்சு."

"திரும்பக் கிழியுமா? அவ அம்மாவுக்கு ஆன மாதிரி?" என்றேன்.

"அது அடைப்புல செத்த சதை, கிழிஞ்சது. இது வளர்ந்து மூடினது. கிழியாது. நல்லா ஓடட்டும்."

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கும் பாருங்க."

டாக்டர் சிரித்தார். ஸ்கேன் அம்மாள் சிரிக்கவில்லை. என் சட்டையை விலக்கிக் களிம்பைத் தடவினார். ஜில்லென்றது. திரையில் ஏதோ சாம்பல் நிறத்தில் திறந்து திறந்து மூடியது.

"ஓட்டை இருக்கா?"

"இல்லடா கண்ணு. கெட்டியா இருக்கு."

அவள் தன் கண்ணாலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அப்ப நீயும் ஓடலாம்ப்பா."

சரி என்றேன். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.