பூசைக்குத் துடைத்த கம்ப்யூட்டர்

ஆயுத பூசைக்கு மறுநாளிலிருந்து மரம் செதுக்கும் மெஷின் ஓடவில்லை. மெஷினில் கோளாறு இல்லை. அதை ஓட்டுகிற பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் தொண்ணூற்றெட்டு, போட்டதும் வருகிற மேகப் படம் வரை வந்து அப்படியே நின்றுவிடுகிறது. எதைத் தட்டினாலும் அசைவில்லை.

கோவிலூர் ரோட்டில் எங்கள் பட்டறை. நான் மெஷினுக்குப் பலகை வைத்து எடுக்கிறவன். கிணறு வெட்டப் போன இடத்தில் இடுப்பு போனபிறகு என் உடம்புக்குத் தாங்குகிற வேலை இது ஒன்றுதான். மெஷின் நின்றால் நானும் நிற்க வேண்டியதுதான்.

முதலில் வந்த மெக்கானிக் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார். சரியாகவில்லை. மூன்றாம் நாள் காரைக்குடியிலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ஜனனி என்கிற பிள்ளை வந்தது. பெட்டியைத் திறந்து நீளமான ஒரு அட்டையைத் தொட்டுக் காட்டியது.

"இதுதான் மெஷினோட கார்டு. 'என்னையக் கவனி'ன்னு கம்ப்யூட்டரக் கூப்பிட இதுக்கு ஒரு நம்பர் உண்டுண்ணே. இன்டரப்டுன்னு சொல்வோம். அதே நம்பர்ல இன்னொரு கார்டும் கூப்பிட்டா, யாருக்குப் பதில் சொல்றதுன்னு தெரியாம நின்னு போகும்."

"எங்க வீட்ல தெனமும் நடக்குறதுதான்" என்றார் முதலாளி சத்தியமூர்த்தி.

அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்த வட்ட பேட்டரியை நெம்பி எடுத்தது. அதில் சந்தனம் காய்ந்திருந்தது. சிரிப்பு போய்விட்டது.

"இத யாரு கழட்டுனது?"

"நாந்தான் தாயி. எல்லாத்தையும் தொடச்சுப் பொட்டு வச்சேன்" என்றேன்.

"பேட்டரிக்குமா?"

"அதுவும் மெஷின்தான?"

"இதக் கழட்டுனா அந்தக் கார்டுக்குன்னு நம்பர ஒதுக்கி வச்சிருந்தது கம்ப்யூட்டர்ல அழிஞ்சுரும்ணே. சரி, கார்டு மாட்டுனவுக எங்கயாச்சும் எழுதி ஒட்டியிருப்பாகளே?"

மூடியின் உட்பக்கம் ஒரு சீட்டு இருந்தது. ஓரம் தூக்கி, அழுக்கேறி, முழுக்க இங்கிலீஷில். நாற்பது வயதுக்கு மேல் இரவுப் பள்ளியில் தமிழ் எழுத்துக் கூட்டப் படித்தவன் நான். பேப்பர் படிப்பேன். இங்கிலீஷ் எனக்கு இன்னும் வெறும் கோடுதான். சந்தனம் ஒட்ட இடம் வேண்டுமென்று நகத்தால் சுரண்டிக் குப்பையில் போட்டேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

முதலாளி மூடியைத் திருப்பிப் பார்த்தார். "பளிச்சுன்னு இருக்கணும்னு சொன்னவன் நாந்தான்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

கார்டு செய்த கம்பெனியை இழுத்து மூடி வெகுநாளாகிறதாம். ஒவ்வொரு நம்பராக வைத்துப் பார்ப்பது என்று ஆரம்பித்தது அந்தப் பிள்ளை. நம்பரோடு ஏதோ முகவரியும் பொருந்த வேண்டுமாம். குழம்பாமலிருக்க என்னை நோட்டில் எழுதச் சொன்னது. அஞ்சு, நின்றது. ஏழு, நின்றது. ஒன்பது, நின்றது. ஒவ்வொரு தடவையும் அணைத்து, ஏற்றி, மேகத்துக்காகக் காத்திருந்தோம். என் எழுத்து வரிசை தப்பிக் கீழே சரிந்தது.

பதினொன்றாம் நம்பரில் மேகம் விலகியது. திரை முழுக்க வந்தது. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அந்தப் பிள்ளை மவுசை நகர்த்தியது. அம்புக்குறி பாதி வழியில் நின்றது. நின்றதுதான்.

மாலை வரை நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியது. "இதுக்கு மேல எனக்குத் தெரியலண்ணே" என்று என்னைப் பார்த்துச் சொன்னது, முதலாளியைப் பார்த்து அல்ல. பையை எடுத்துக்கொண்டு காரைக்குடி பஸ்ஸுக்குப் போனது.

முதலாளி போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

"கருப்பா, பழைய இரும்பு எடுக்குறவுக காலையில வாராக. மெஷினு, கம்ப்யூட்டரு எல்லாத்தையும் பாப்பாக. கொஞ்சம் தொடச்சு வையி."

"அப்ப நானு?"

"பாப்பம்" என்றார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

ஆணியில் பூசைக்குத் துடைத்த துணியே தொங்கியது. எடுத்துத் துடைத்தேன். இந்தத் தடவை மூடியைத் திறக்கவில்லை. மேலாகத்தான்.