உடனடி ஆபத்து

அன்று காலை பேருந்துக் கால அட்டவணை ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கையெழுத்துப் படியை உரக்கப் படிப்பேன். என் மனைவி அச்சுத்தாளில் விரலை நகர்த்திக்கொண்டே வருவாள். அச்சகத்தின் பின்னறையில் ஒன்பது வருடமாக அப்படித்தான். ஓரிடத்தில் நான் ஓர் ஒற்றெழுத்தை விழுங்கிவிட்டேன்.

"புலவரே, அங்க ஒரு 'க்' இருக்கணுமே. டீயோட சேர்த்துக் குடிச்சிட்டீங்களா?"

"உன் வயித்துல இருக்கிறதுக்குப் பசிச்சிருக்கும். அது எடுத்திருக்கும்."

ஐந்தாம் மாதம். சிரித்தபடி எழுந்தவள் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். நாற்காலி நனைந்திருந்தது.

மருத்துவமனையில் டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. பனிக்குடம் உடைந்துவிட்டது, குழந்தை பிழைக்காது, உள்ளேயே இருந்தால் தாய்க்குக் கிருமி ஏறும் என்றார்.

"அப்போ எடுத்துருங்க" என்றாள் இவள்.

"இதயம் துடிக்குதேம்மா. தாயோட உயிருக்கு உடனடி ஆபத்துன்னாத்தான் எடுக்கலாம்னு புதுச் சட்டம். உங்களுக்கு இன்னும் காய்ச்சல்கூட இல்ல. இப்ப நான் தொட்டா, என்னை உள்ள போட்டுருவாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தின் கையேடு எங்கள் அச்சகத்தில்தான் அச்சானது. நான் படித்தேன், இவள் சரிபார்த்தாள். பொருளுக்குள் இறங்கினால் பிழை தப்பிவிடும், எழுத்தை மட்டும் பார் என்று இவளுக்குத் தொழில் பழக்கியவனே நான். 'உடனடி' என்பதில் பிழை ஏதும் இருக்கவில்லை. எத்தனை பாகை காய்ச்சல் வந்தால் உடனடி என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

"நாம படிச்சதுதானேங்க" என்றாள். "ஒரு தப்பும் விடல பாருங்க."

மாமியார் வந்தார். அந்தச் சட்டம் வேண்டுமென்று ஊர்வலம் போனவர். 'பேச வாயில்லாத உயிருக்கு யாராவது பேசணும்ல' என்று அப்போது சொல்வார். அதில் எனக்கும் தப்பு ஒன்றும் தெரிந்ததில்லை.

"இப்பவும் அதையேதான் சொல்வியாம்மா?" என்று இவள் கேட்டாள்.

மாமியார் மகளின் காலை நீவிக்கொண்டிருந்தார். "ஒரு நாள் பார்ப்போம்டி. கடவுள் கண் திறக்கலாம்."

"அவருக்கென்னம்மா, அவர் மேல யாரும் கேஸ் போடப்போறதில்ல."

மறுநாள் நண்பகலில் குளிரில் உடம்பு தூக்கிப் போட்டது. நர்ஸ் நூற்று மூன்று என்று குறித்தார். டாக்டரம்மா அதன் பிறகும் இரண்டு பேருக்குப் போன் செய்து, இப்போது எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார். மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எடுங்கம்மா. துடிச்சாலும் பரவாயில்ல, எடுத்துருங்க. என் பொண்ணு எனக்கு வேணும்."

எடுத்தார்கள். அதற்குள் ரத்தமெல்லாம் நஞ்சாகியிருந்தது. அடுத்த நாள் மதியம் மூன்றே காலுக்கு இவள் போய்விட்டாள். நான் அப்போது மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றிருந்தேன்.

பிறகு சட்டத்தை எதிர்ப்பவர்கள், ஆதரிப்பவர்கள் என்று இரண்டு தரப்பாரும் வீடு தேடி வந்தார்கள். ஒரு தரப்பு இவளுடைய புகைப்படத்தைக் கேட்டது. இன்னொரு தரப்பு, சட்டத்தில் குறையில்லை, டாக்டர்தான் பயந்துவிட்டார் என்றது. மாமியார் இரண்டு தரப்பையும் வாசலோடு அனுப்பிவிட்டார்.

இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் 'காய்ச்சல்' என்று போட்டிருந்தார்கள். திருத்தித் தரச் சொல்லி அலுவலகத்துக்குப் போனேன்.

"எழுத்துப்பிழையா சார்?" என்றார் எழுத்தர்.

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் என்னத்தைத் திருத்துறது?"

அதன்பின் ஆறு முறை போய்வந்துவிட்டேன். 'காய்ச்சல்' என்றேதான் இருக்கிறது.