பிச்சம்மா என்று சொன்ன ஆர்கன்

1945 ஈஸ்டர் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு, குர்லா ரயில்வே காலனி வேதக்கோயிலின் பெரிய ஆர்கன், கடைசிப் பாட்டு முடிந்து மூச்சு இறங்கும்போது, "பிச்சம்மா" என்று சொன்னது. முன்வரிசை வெள்ளைக்காரர்கள் ஏதோ காற்று என்று பாட்டுப்புத்தகத்தை மூடினார்கள். கடைசி பெஞ்சில் தாராவிக்காரர்கள் பதினாலு பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் திரும்பித் தங்கமயிலைத்தான் பார்த்தார்கள்.

சீமையிலிருந்து கப்பலில் வந்த ஆர்கன் அது. அறுநூறு குழல், அடியில் கட்டில் அகலத்துக்கு இரண்டு துருத்தி. நாற்பத்துநாலு மழையில் எலிகள் துருத்தித் தோலைத் தின்றுவிட்டன. யுத்தத்தில் லண்டன் தோல் வராது. பாதிரியார் தாராவிக்கு வந்து, முகம்மது ஹனீப் தோல் ஷாப்பில் வேலை பார்த்த பெரியநாயகத்திடம், அதாவது தங்கமயில் புருஷனிடம், காரியத்தை ஒப்படைத்தார். ஊசித்துளை இருக்கிறதா என்று ஒவ்வொரு தோலையும் வாயில் பொத்தி ஊதிப் பார்ப்பது அங்கே வழக்கம். ஊதும்போது வேறு நினைப்பு கூடாது, நினைத்தது தோலில் தங்கிவிடும் என்பது ஷாப்பில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் இந்த மனுஷன் முப்பத்திரண்டு தோலையும், ஊரில் கட்டிக்கொள்ள இருந்து கைநழுவிப்போன மாமன்மகள் பிச்சம்மாவை நினைத்தே ஊதியிருக்கிறான். என்னத்தைச் சொல்ல!

தங்கமயிலுக்கு வயிறு பற்றி எரிந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், அவளை "ஏளா" என்பதைத் தவிர அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகம் தெரியாத எவளோ ஒருத்திக்கு ஞாயிறுதோறும் அறுநூறு குழலா? குழாயடியில் அவள் குடத்தோடு வந்தாலே பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பிச்சம்மா எப்பவோ மறந்துபோச்சு என்று அவன் சத்தியம் செய்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறு வாரம் பொறுத்தாள். பிறகு பாதிரியாரிடம் போய், இடது துருத்தி கசிகிறது என்று தெரிந்த ஹிந்தியில் சாதித்தாள். பதினாறு தோலைத் தானே பொறுக்கி, தன் பெயரை மட்டும் நினைப்பதென்று பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று நாள் தானே ஊதினாள். புருஷன் அதைத் துருத்தியில் ஒட்டினான்.

பெந்தெகொஸ்தே ஞாயிறு பாட்டு முடிந்தது. வலது துருத்தி அவன் குரலில் "பிச்சம்மா" என்றது. இடது துருத்தி, தங்கமயிலின் குரலிலேயே, இன்னும் சத்தமாக, "பிச்சம்மா" என்றது. பாவம், பொறாமைப்பட்டவளுக்கு வேறு பெயர் எங்கிருந்து வரும்? முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பெரியநாயகம் பெஞ்சில் நகர்ந்து பக்கத்தில் வந்தான்.

"போதும் தங்கமயிலு. எந்தி, வீட்டுக்குப் போவோம்."

பதினாலு பேரும் அதைக் கேட்டார்கள். ஆர்கனை அப்புறம் யாரும் பிரிக்கவில்லை. இரண்டாவது பிச்சம்மா கேட்டால் ஆராதனை முடிந்தது என்று கணக்கு. கடைசி பெஞ்சுக்காரர்கள் எழுந்து செருப்பைத் தேடுவார்கள்.