புகை இருக்கட்டும், முருகா

டெல்லியில் புகைமூட்டம் விலகவே கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட பைத்தியம் நான். அதுவும் என் வீட்டுக்காரர் இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற முடியாமல் தவிக்கும்போது. பாவி என்று திட்டுங்கள், பரவாயில்லை.

என் மகள் வைஷ்ணவி பன்னிரண்டாம் வகுப்பு. எவ்வளவு சீக்கிரம் படுத்தாலும் விடியப்போகிற நேரத்தில்தான் அவளுக்குக் கண் அசரும். இருட்டோடு ஸ்கூல் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினேன், பால் காய்ச்சிக் கொடுத்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. "இந்த வயசுல உடம்புக்குத் தூக்கமே லேட்டாதாம்மா வரும். சோம்பேறித்தனம் இல்ல" என்றார் டாக்டர். அதைப் பிரின்சிபாலிடம் சொன்னேன். அப்படியானால் டாக்டரே வந்து கேட்டைத் திறக்கட்டும் என்று அந்த அம்மாள் இந்தியில் நக்கலடித்தார். தாமதமாக வந்தால் கேட் திறக்காது, ஆப்சென்ட். இன்னும் ஒரே ஒரு ஆப்சென்ட் விழுந்தால் பொதுத்தேர்வு எழுத விடமாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் புகை வந்தது. பள்ளிகளை மூடி, ஒன்பது மணிக்கு ஆன்லைன் வகுப்பு என்றார்கள். மறுநாளே பெண் தானாக எழுந்து, குளித்து, முதல் ஆளாக கேமரா முன்னால் உட்கார்ந்தாள். "அம்மா, கெமிஸ்ட்ரி புரியுதும்மா!" என்று கையில் தோசையோடு குதித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

முகமூடியை மாட்டிக்கொண்டு மலை மந்திர் முருகன் கோயிலுக்கு ஓடினேன். முருகா, பரீட்சை வரைக்கும் இந்தப் புகை இருக்கட்டும் என்றேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லியும்விட்டேன். இருமிக்கொண்டே சிரித்தார்.

"நானும் அதத்தான் வேண்டிக்கிட்டிருக்கேன். எனக்கென்னடி, இப்படியே இழுத்துக்கிட்டு கெடந்துட்டுப் போறேன். அவ பரீட்ச எழுதட்டும்."

முருகன் கேட்கவில்லை. காற்று அடித்துப் புகையைக் கலைத்தது. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பார்க்கில் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். நாளை பள்ளி உண்டு என்று போனில் செய்தி வந்தது. வைஷ்ணவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு என்னை அடிச்சாவது எழுப்பிடும்மா, ப்ளீஸ்."

அடித்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். அவர் தூக்கி உட்கார வைத்தார். ஒரு காலில் சாக்ஸ் மாட்டியவள் இன்னொன்றைக் கையில் பிடித்தபடியே சாய்ந்துவிட்டாள். பஸ் போய்விட்டது. ஆட்டோ பிடித்து, "பையா, ஜல்தி, ஜல்தி" என்று வழியெல்லாம் கத்தினேன். கேட் சாத்தியிருந்தது. வைஷ்ணவி கம்பியைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேனிடம் கெஞ்சினாள். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

அதே ஆட்டோவில் திரும்பினோம். அழுவாள் என்று பார்த்தால், என் தோளிலேயே தூங்கிவிட்டாள். ஒரு வருஷப் படிப்பு போயிற்று. இனி இவளை எழுப்பி என்ன ஆகப்போகிறது? வானம் அநியாயத்துக்கு நீலமாக இருந்தது.

ஆட்டோ சத்தம் கேட்டு அவர் மாடியிலிருந்து ஓடி இறங்கி வந்தார். அவருக்கு மூச்சே வாங்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நான் வாய்விட்டு அழுதேன்.