கை கடைசியில்

எனக்குக் கோல்ஃப் என்றாலே ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து ஆகாது. என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்ததில்தான் குடும்பம் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனுஷன் பல்கூட விளக்காமல் கூடத்துக் கண்ணாடி முன் நின்று, இல்லாத பந்தை இல்லாத மட்டையால் அடித்துக்கொண்டிருந்தால் எந்தப் பெண்டாட்டிக்குப் பொறுக்கும்? "கொசு செத்துச்சா?" என்று கேட்டுவிட்டு டீயை மேஜையில் வைப்பேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் ஓங்குவார்.

இரண்டரை மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் ஒரு சொல், கொஞ்சம் மூச்சு, அடுத்த சொல் என்று ஆகிவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தபோது எனக்குப் பயமே இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் அண்டா தூக்கின கை இது. ஒல்லிப்பிச்சான் மனுஷன் ஒருத்தரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது பெரிய விஷயமா என்று இருந்துவிட்டேன்.

மூன்றாவது வாரத்தில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த வாரம் அவரைத் தூக்கப்போய் இரண்டு பேரும் கட்டிலிலேயே சாய்ந்தோம். அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தது, அவருக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோ பொண்ணு.

"அம்மா, இன்னொரு தடவை இப்படித் தூக்குனீங்கன்னா நீங்களும் பக்கத்துலயே படுத்துக்க வேண்டியதுதான். அப்புறம் யாரு யாரைப் பாக்குறது?" என்றாள். "வெள்ளிக்கிழமை நான் பாக்கும்போது இவரை நாற்காலிக்கு மாத்தி ஒரு தடவை காட்டுங்க. சரியா வரலைன்னா அவரைப் பராமரிப்பு இல்லத்துலதான் விடணும்னு எழுதிடுவேன். வேற வழியில்லம்மா."

என் மகன் ஏற்கெனவே இடம் பார்த்து வைத்திருந்தான். "நல்ல இடம்மா, சுத்தமா இருக்கு, வாராவாரம் போய்ப் பாக்கலாம்" என்று போனில் சொன்னான். வாராவாரமாம்! கூடவே இருந்த மனுஷனை வாரத்துக்கு ஒருதரம் போய்ப் பார்ப்பதா? "எழுதறவங்க எழுதிக்கட்டும்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அவருக்குக் கேட்கக் கூடாதே.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொள்ள பிசியோ பொண்ணு கொடுத்த பட்டியை ஒரு தலையணையில் கட்டி, தூக்கிப் பழகிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து "ம்ஹும்" என்று சத்தம். திரும்பினேன்.

"கை... வேண்டாம்" என்றார்.

"ஆமா, படுத்துக்கிட்டே எனக்குக் கோச்சிங் வேற!"

பாதி வாயால் சிரித்தார். பிறகு வலது கையால் தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். "இடுப்பு... முதல்ல. கை... கடைசி."

அன்றைக்கு ஆரம்பித்தது என் பள்ளிக்கூடம். முட்டியை லேசாக மடக்கச் சொன்னார். முதுகு வளையாமல், தொடை சேரும் இடத்திலிருந்து குனியச் சொன்னார். பாரம் குதிகாலில் இல்லாமல் பாதத்தின் முன்பக்கம் இருக்க வேண்டுமாம். முடிக்கிறவரை தலையைத் தூக்கவே கூடாதாம். முதலில் வலது காலில் நின்று, இடது காலுக்குப் பாரத்தை மாற்ற வேண்டும். கால் மாறினால் இடுப்பு தானாகத் திரும்பும், அது தோளை இழுக்கும், தோள் கையை இழுக்கும். பாதமும் கூடவே திரும்பினால் முதுகு முறுக்காது. நான் பட்டியை உடும்புப்பிடியாகப் பிடித்தால் "லேசா" என்பார். கை இறுகினால் தோள் இறுகும், தோள் இறுகினால் இடுப்பு நகராது. இவ்வளவையும் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. கூடத்துக் கண்ணாடி முன் தலையணையும் நானுமாக நின்ற கோலத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. என் இடுப்பு வலி பாதி குறைந்திருந்தது.

வியாழக்கிழமை தலையணைக்குப் பதில் அவரையே எழுப்பினேன். பாதி எழுந்ததும் மூட்டை மாதிரி கனத்தார். மெல்ல மறுபடி உட்காரவைத்தேன். நான் செய்தது சரிதான், ஆனால் அவர் வரவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார், தன் கால்களைப் பார்த்தார்.

"எதிரெதிர்" என்றார்.

"என்ன எதிரெதிர்? புரியறமாதிரி சொல்லுங்க, உயிரை வாங்காதீங்க!"

வலது கையை மெதுவாகத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினார், மட்டையை ஓங்குவதுபோல. "நீ... அடி. நான்... ஓங்கறேன்."

அப்போதுதான் புரிந்தது. நாங்கள் முகத்துக்கு முகம் நிற்கிறோம். நான் இடது காலுக்குப் பாரத்தை மாற்றினால், அது பந்தை அடிக்கிற அசைவு. அதே நேரம் அவர் தன் வலப்பக்கம் சாய வேண்டும். அது மட்டையை ஓங்குகிற அசைவு. ஓங்கும்போது பாரமெல்லாம் வலது காலுக்குப் போகும். அவருக்கு நல்ல கால் அதுதான்! நான் கிண்டலடித்த அத்தனை காலையிலும் அந்தக் கால் அந்தப் பாரத்தைத்தான் தாங்கிப் பழகியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு பிசியோ பொண்ணு வந்தாள், கையில் படிவம். அவருடைய வலப்பக்கம் நாற்காலியைச் சாய்வாக வைத்துப் பூட்டினேன். என் முட்டியால் அவருடைய இடது முட்டிக்கு அணை கொடுத்தேன். பட்டியை லேசாகப் பிடித்தேன். அவர் முன்னால் குனிந்தார்.

"ஓங்குங்க" என்றேன்.

என் காலில் பாரம் மாறியது, இடுப்பு திரும்பியது. கையில் கனம் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவே இல்லை. அவர் என்னோடு எழுந்துகொண்டிருந்தார். அந்த வலது கால் அசையாமல் ஊன்றி நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். அவர் நாற்காலியில் மெத்தென்று உட்கார்ந்தார்.

பிசியோ பொண்ணு குனிந்து அவர் வலது காலைப் பார்த்தாள். "அம்மா, நீங்க அவரைத் தூக்கவே இல்லையே" என்றாள். "அவரா எந்திரிச்சாரு!"

படிவத்தில் அவள் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'வீட்டிலேயே இருக்கலாம்.' போன உயிர் திரும்பி வந்தது. அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எப்படி அடிச்சேன்?" என்று கேட்டேன்.

அவர் மூச்சு வாங்கினார். யோசித்தார். பாராட்டுவார் என்று பார்த்தால், இல்லை என்று தலையை ஆட்டினார்.

"தலையை... தூக்கிட்ட" என்றார். "நாளைக்கு... சரி பண்ணலாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூடவே அந்த 'நாளைக்கு' காதில் விழுந்தது. அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பொண்ணு பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல், "உங்களுக்குக் கோடி நன்றிங்க" என்று அழுதேன்.