ரெண்டு மூண்டு பேர்

“வீடியோவப் போடுங்கோ எண்டுறன்—”

“டேட்டா இல்லையெண்டு எத்தினை தரம் சொல்லுறது, நீர் திருப்பித் திருப்பி—”

“நேற்றுத்தானே கார்ட் போட்டனான் எண்டியள்—”

“அது கதைக்க மட்டும்தான் காணும். சொல்லுறதக் கேளுமப்பா.”

இரண்டு குரல்களும் வழியில் எங்கோ முட்டிக்கொண்டு, ஒன்றும் விளங்காமல் போயின. அன்ரனெற் ஒலிபெருக்கியைப் போட்டுக் கைபேசியைக் குசினி மேசையில் வைத்தாள். இந்தக் குளிர்நாட்டில், டோர்செட் பார்க் அடுக்குமாடியில் அவள் இருப்பது ஒரு வாடகை அறை. வீட்டுக்காரர்கள் பிறந்தநாள் விழாவுக்கென்று ஒஷாவாவுக்குப் போய்விட்டார்கள். “அன்ரி, சோறு ஃப்ரிட்ஜுக்க இருக்கு” என்று வீட்டுக்காரரின் மகள் ஷரோன் சொல்லிவிட்டுப் போனதுதான் இன்றைக்கு அவள் காதில் விழுந்த பேச்சு. அதற்குப் பிறகு மன்னாரில் இருக்கும் கணவர் அலெக்ஸாண்டருக்கு அழைப்பு எடுத்தாள்.

அவளுடைய அகதிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். காணாமற்போன மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருந்த தாய்மாரில் அவளும் ஒருத்தி. அதை நம்பினார்கள். அதற்காக ஆட்கள் வீடு தேடி வந்து மிரட்டியதைத்தான் நம்பவில்லை. “ரெண்டு மூண்டு பேர் வந்தவை” என்று, ஊரில் எல்லோரும் சொல்வதுபோலத்தான் சொன்னாள். படிவம் நிரப்பியவர் இரண்டு என்று எழுதினார். விசாரணையன்று மொழிபெயர்ப்பாளர் மூன்று என்றார். விசாரித்த அதிகாரி கோபமே இல்லாமல், எத்தனை பேர் என்று மாற்றி மாற்றிக் கேட்டார். கதவிடுக்கால் பார்த்து நடுங்கியவளுக்குத் தலையெண்ணவா தோன்றும்? தடுமாறினாள். அந்தத் தடுமாற்றமும் தீர்ப்பில் ஏறியது.

மேன்முறையீட்டுக்குப் போனபோது, லோயரிடம் வேலை செய்யும் ஸ்டெபனி தன் பாதித் தமிழில் சொன்னாள். “பழசு எடுக்கமாட்டினம் அன்ரி. ரிஜெக்ட் பண்ணினதுக்குப் பிறகு ஏதும் நடந்தால்தான் புது எவிடென்ஸ். அப்பிடி ஒண்டும் நடக்கேல்லையோ?” அன்றிலிருந்து ஊர் அழைப்பு வரும்போதெல்லாம் கெட்ட செய்தியாக இருக்குமோ என்று அவளுக்கு நெஞ்சு இடிக்கும். இல்லையென்றால் ஏனோ சோர்வாக இருக்கும். பிறகு அந்தச் சோர்வுக்காக முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்பாள்.

“சரி, விடுங்கோ. ஆரும் வந்தவையோ? வந்திருந்தா ஒரு கடிதம் எழுதுங்கோ, பாதரிட்டயும் ஒரு கையெழுத்து வாங்குங்கோ. திங்கக்கிழமை குடுக்காட்டி என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“ஒருத்தரும் வரேல்ல. வராதவைய வந்ததெண்டு எழுதவோ?”

அவர் சொற்கள் காற்றோடு கலந்து, வாயின் ஒரு பக்கத்தால் வந்தன.

“என்ன, கதை ஒரு மாதிரிக் கிடக்கு?”

“முன்பல்லுக் கழண்டுபோச்சு. கிணத்தடியில சறுக்கிப்போட்டன். இனி நீர் ஒரு பொக்கைவாய்க் கிழவனோடதான் சீவிக்கோணும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

“பக்கத்து வீட்டு அன்புராசாவின்ர மனுசி, நீங்க வாசற்படியில விழுந்ததெண்டெல்லோ சொன்னவ.”

“படியோ கிணத்தடியோ, விழுந்தது விழுந்ததுதானே.”

“கைகாலில காயம் இல்லையோ? வாயில மட்டுமோ?”

“நீரென்ன, கோட்டில கேக்கிறமாதிரி.”

குரல் அவளுடையதுதான். கேட்ட விதம் அந்த அதிகாரியுடையது, அதே நிதானம், அதே பொறுமை. நினைக்கவே அவளுக்குக் கூசியது. மீன் வாங்கிய விலையைக்கூட மனைவியிடம் குறைத்துச் சொல்லத் தெரியாத மனிதர் அவர். ஒருத்தரும் வரவில்லை என்பதை மட்டும், மூச்சு வாங்க வாங்க, எவ்வளவு பாடுபட்டுச் சொல்லுகிறார்.

அங்கே ஒரு நாய் குரைத்தது. அவர் கதைப்பதை நிறுத்தி, அது ஓயும்வரை மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்டது.

“நீர் அங்க பயப்பிடாம இரும்,” என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. “இஞ்ச ஒண்டுமில்லை.”

இங்கே ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கியது. அன்ரனெற் கைபேசியை எடுத்து, அவர் முகம் தெரியாத அந்தக் கண்ணாடித் திரையை வாயருகே கொண்டுவந்தாள். வந்தவையோ என்று இம்முறை கேட்கவில்லை.

“இஞ்சருங்கோ,” என்றாள். “எத்தனை பேர் வந்தவை?”